தவறணையாக இருந்த வீடு

மட்டக்களப்பு வாவிக்கு அண்மையில், வீதியோரமாக நிற்கும் எங்கள் பெரியம்மாவின் வீடு முற்காலத்தில் சாராயத் தவறணையாக இருந்தது. இப்போது அதைத் திருத்தும் பேச்சு எழுந்திருப்பதால், எந்தச் சுவரையும் இடிப்பதற்கு முன் அதன் அமைப்பைப் பற்றி எழுதிவைக்க விரும்புகிறேன்.

வீதியைப் பார்த்த நீண்ட விறாந்தை, அதற்குப் பின்னால் இரண்டடித் தடிப்பில் ஒரு சுவர், அச்சுவரின் நடுவே மார்பளவு உயரத்தில் அகன்றதொரு யன்னல்: பழைய கட்டடத்தின் முன்புறம் இவ்வளவுதான். குடிக்க வந்தவர்கள் விறாந்தையோடு நின்றுவிட வேண்டும். பணமும் சாராயமும் அந்த யன்னல் வழியாகவே கைமாறின. அதன் அடிக்கட்டை முதிரைப் பலகை. விளிம்பு இன்னும் கூராக இருக்க, கைகளும் கிளாசுகளும் உரசிய நடுப்பகுதி மட்டும் விரல் பதியுமளவு தேய்ந்து வழவழத்துக் கிடக்கிறது. உள்ளே பீப்பாய் வைத்த அறைக்கு யன்னலே கிடையாது. கூரையை ஒட்டி இரண்டு காற்றுத் துவாரங்கள் மாத்திரம் உண்டு. அடுப்படியும் கிணறும் குடும்பம் வந்த பின்னர் உண்டானவை.

ஆங்கிலேயர் ஆட்சியில் சாராய விற்பனை உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டு அரசுக்குப் பெருவருமானம் ஈட்டித் தந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் அந்த வியாபாரத்தைப் புதிய ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. அதே காலத்தில் மதுவிலக்கு இயக்கமும் இலங்கையெங்கும் வலுப்பெற்றது. காவலும் கணக்கும் முதன்மையான ஒரு தொழிலுக்கு இப்படியொரு கட்டடம் பொருத்தமானதே.

மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்துவைப்பது எங்கள் பகுதி வழக்கம். தவறணை மூடப்பட்ட பின் அம்மம்மாவின் தகப்பனார் அதை வாங்கியதும் அதற்காகத்தான். சாராயம் விற்ற இடத்தில் பெண்ணைக் குடிவைப்பதா என்று உறவினர் முகம் சுளித்தபோதும் அவர் பின்வாங்கவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்வேன். 1978 நவம்பர் சூறாவளியில் ஓடுகள் பறந்தன; சுவர்கள் அசையவில்லை.

அந்தச் சுவர்களுக்குச் சீமெந்து பூசலாம் என்கிறார் மேசன். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சினாலும் மேற்பரப்பு வழியே அதை வெளியேற்றிவிடும். சீமெந்து அந்த வழியை அடைப்பதால் ஈரமும் உப்பும் உள்ளே தங்கி, பூச்சு கொப்பளித்து உதிரும். ஆகவே சுண்ணாம்பே பூச வேண்டுமென்று கேட்டிருக்கிறோம். விற்பனை யன்னலை அடைப்பதில்லை என்று பெரியம்மாவும் உறுதியாகச் சொல்லிவிட்டார். அடுப்படியிலிருந்து சாப்பாட்டை எடுத்துக் கொடுக்க அது அவருக்கு நன்றாகவே உதவுகிறது.