அரை ஃபார்த்திங், கால் ஃபார்த்திங், ஒன்றரை பென்னி

இந்தத் தடவை என் பெட்டிக்கு வந்து சேர்ந்தவை மூன்று பழைய பிரிட்டிஷ் காசுகள். மூன்றையும் ஒன்றாகத் தராசில் போட்டாலும் நம்ம பழைய தடி ஐந்து ரூபாய் நாணயத்தின் எடையில் பாதிகூட வராது. விலையை இங்கே எழுதப்போவதில்லை, வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள்.

முதலாவது 1844-ம் வருடத்து அரை ஃபார்த்திங் (ஃபார்த்திங் என்றால் கால் பென்னி). செம்பு, 18 மில்லிமீட்டர், 2.4 கிராம், ஒரு பக்கம் இளவயது விக்டோரியா தலை, மறுபக்கம் கிரீடமும் எழுத்தும். இரண்டாவது 1853 கால் ஃபார்த்திங், 13.5 மில்லிமீட்டர்தான், ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டு அளவு இருக்கும், கீழே விழுந்தால் தேட டார்ச் வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: 1834 ஒன்றரை பென்னி, நான்காம் வில்லியம் காலத்து வெள்ளி, 12 மில்லிமீட்டர், முக்கால் கிராம்கூடத் தேறாது. பின்பக்கம் கிரீடத்துக்குக் கீழே ஒன்றரை என்று எண்ணிலேயே போட்டு, அதற்குக் கீழே வருடம், சுற்றிலும் இலை வளையம்.

மூன்றும் லண்டன் டங்கசாலையில் அடித்தவை. மூன்றிலும் பிரிட்டிஷ் அரசரோ அரசியோதான் இருக்கிறார், எந்த ஊருக்கு அடித்தது என்று ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் இவற்றை அடிக்க ஆரம்பித்ததே நமக்கு எதிர்க்கரையில் இருக்கிற இலங்கைக்காக. (ஒன்றரை பென்னி மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனது.)

ஏன் இவ்வளவு பொடிக்காசு என்று கேட்டால் கணக்குக்குள் போகவேண்டும். 1971 வரை பிரிட்டனில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பென்னிக்கு 4 ஃபார்த்திங். அப்படியென்றால் அரை ஃபார்த்திங் என்பது அரைக்கால் பென்னி, கால் ஃபார்த்திங் என்பது மாகாணி பென்னி. இலங்கையில் பிரிட்டிஷ் கணக்கு வருவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்தது ரிக்ஸ் டாலர் கணக்கு: ஒரு ரிக்ஸ் டாலருக்கு 12 பணம் (அப்போது அது ஒரு காசின் பெயர்), 48 ஸ்டைவர். 1825-ல் அங்கே பிரிட்டிஷ் நாணயக் கணக்கைக் கொண்டுவந்து, ஒரு ரிக்ஸ் டாலர் ஒன்றரை ஷில்லிங், அதாவது 18 பென்னி என்று நிர்ணயித்தார்கள். இப்போது வகுத்துப் பாருங்கள், ஒரு பணம் என்பது சரியாக ஒன்றரை பென்னி, ஒரு ஸ்டைவர் என்பது சரியாக மூன்று அரை ஃபார்த்திங். சந்தையில் கீரைக்கட்டு வாங்குகிறவர் பழைய கணக்கிலேயே பேசலாம், கையில் மட்டும் புதுக்காசு. 1828-ல் முதல் அரை ஃபார்த்திங், 1834-ல் ஒன்றரை பென்னி, 1839-ல் கால் ஃபார்த்திங் என்று ஒவ்வொன்றாக வந்தன. அரை ஃபார்த்திங்கை மட்டும் 1842-ல் இங்கிலாந்திலும் செல்லும் என்று அறிவித்தார்கள். 1872-ல் இலங்கை ரூபாய்க்கும் சதத்துக்கும் மாறியதோடு இந்தக் கதை முடிந்தது.

நம்ம பக்கம் பிரிட்டிஷ் காசு சேர்க்கிறவர்களில் பாதிப்பேர் விக்டோரியா சவரனைத் துரத்துகிறார்கள், மீதிப்பேர் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை, அந்த அங்கியில் இருக்கிற யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று திரும்ப வாங்கி உருக்கினார்களே, அதை. நல்ல காசுகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை டெல்லியிலிருந்தும் சேர்க்கலாம், கோயம்புத்தூரிலிருந்தும் சேர்க்கலாம். கீழக்கரையிலிருந்து முத்துக்குளிக்க மன்னார் பக்கம் போனவர்களும், தொண்டியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் தோணியில் சரக்கு ஏற்றிப் போனவர்களும் அக்கரைச் சந்தையில் மீதிச் சில்லறையாக வாங்கியிருக்கக்கூடிய காசு இது. இந்தக் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு பிரிட்டிஷ் காசு சேர்ப்பதென்றால் இங்கிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும் என்பது என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் டீக்கடையில் நாலைந்து பேர் கூடுவோம். கீழக்கரைக் காக்கா (அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் வருவார், எங்களில் அவரிடம்தான் பழைய சரக்கு அதிகம். கால் ஃபார்த்திங்கைக் கையில் வாங்கி, "இதுக்கா தம்பி இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். "லென்ஸ்ல பாருங்க காக்கா, தலைமுடி இழை இழையா இருக்கு" என்றேன். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பையிலிருந்து தன்னுடையதை எடுத்து மேசையில் வைத்தார்: 1815 ஸ்டைவர், ஒரு பக்கம் மூன்றாம் ஜார்ஜ், மறுபக்கம் யானை. என் மூன்று காசுக்கும் தாத்தா. அப்புறம் அரைமணி நேரம் யாரும் என் காசைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1844 அரை ஃபார்த்திங் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். விக்டோரியா பெயருக்குப் பின்னால் வரும் 'ரெஜினா' (REGINA, அரசி) என்ற சொல்லில் ஆங்கில 'ஈ' (E) எழுத்தை லென்ஸில் பாருங்கள். அந்தக் காலத்தில் அச்சில் ஒவ்வொரு எழுத்தையும் கையால் தட்டித்தான் பதிப்பார்கள். ஒரு அச்சில் தவறி 'என்' (N) எழுத்தைத் தட்டிவிட்டு, அதன் மேலேயே 'ஈ' தட்டித் திருத்தியிருக்கிறார்கள். அந்த ரகத்துக்குத் தனி மவுசு. என்னுடையது சாதா 1844தான்.

சரி, பாதுகாப்பு. செம்புக்காசுக்கு நம்ம கடற்காற்றைவிடப் பெரிய எதிரி கிடையாது. சாதாரணக் களிம்பு கரும்பச்சையாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் பெரிய ஆபத்தில்லை. வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால்தான் பயப்படவேண்டும், உப்பு உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஈரப்பதம் கிடைக்கிற வரைக்கும் அது அமிலத்தை உண்டாக்கி உண்டாக்கிச் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படி ஒரு காசு வந்தால் முதலில் மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். அழுக்கு எடுக்க வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து ஈர்க்குச்சியால் மெதுவாகத் தள்ளினால் போதும். புளி, சாம்பல், எலுமிச்சை, பற்பசை எதுவும் கிட்டேயே வரக்கூடாது. பளபள என்று ஆக்கிக் கொண்டுவருகிற காசைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, இருநூறு வருடத்து நிறம் போனால் திரும்ப வராது. ஃபேன்சி கடையில் விற்கிற மெத்தென்ற பி.வி.சி. ஆல்பமும் வேண்டாம், நாளாக ஆக அந்தப் பிளாஸ்டிக்கே பச்சையாகப் பிசுபிசுத்துக் காசில் ஒட்டும். அட்டைச் சட்டத்துக்குள் மைலார் (பி.வி.சி. கலக்காத பிளாஸ்டிக்) தாள் வைத்தது வருகிறதே, அதுதான் சரி.

இன்னொரு விஷயம். ராமேஸ்வரம் போன சொந்தக்காரர்கள் அனுமார் அல்லது ராமர் பட்டாபிஷேகம் போட்ட, 1818 என்று தேதியிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி 'அரையணா'வை வாங்கிவந்து, "இது என்ன விலைக்குப் போகும்?" என்று என்னிடம் காட்டாத வருடமே கிடையாது. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. பூஜையறையில் வைத்துக் கும்பிடுங்கள், தப்பில்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று யாராவது லட்சக்கணக்கில் பேச ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்கு: நூறு வருடத்தைத் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள், இங்கிருந்து வெளியே அனுப்ப முடியாது. கேட்காதீர்கள்.

அடுத்துத் தேடுவது 1828 அரை ஃபார்த்திங். அதில் நான்காம் ஜார்ஜ் தலை, பின்பக்கம் எழுத்துக்குப் பதில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் நிறைய உண்டு, பாட்டிமாரின் சுருக்குப்பையில் எங்காவது ஒன்று கிடக்கும். என்னிடம் 1844 இன்னொன்று கூடுதலாக இருக்கிறது, கொஞ்சம் தேய்ந்தது, மாற்றிக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் டீக்கடைக்கு வாருங்கள்.