பன்னிரண்டு மணி

ஜனவரி 5, திங்கள்
அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. டாக்டர் சீட்டில் தயமின் மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று, கடைசியில் ‘ஏ.ஏ. மீட்டிங்’. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்காரும் கூட்டம். எங்கே, என்றைக்கு, எதுவும் இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்
டாஸ்மாக் கடை திறக்கிற நேரத்துக்குச் சரியாக வாசலில் வந்து நின்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்பிக் கதவைப் பிடித்தபடி. யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜனவரி 7, புதன்
ஏ.ஏ. என்று கிடைத்ததில் ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை. இன்னொன்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பழைய நோட்டீஸ் ஒன்றில் பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் போட்டிருந்தது. ஆபீசில் பர்மிஷன் சொல்லிவிட்டுப் போனேன். கேட் பூட்டு. வாட்ச்மேன், “அதெல்லாம் கொரோனாவுக்கு முன்னாடிம்மா, இப்ப எங்க நடக்குதோ” என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யாருக்கு, வீட்டுக்காரருக்கா?” பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

திருச்சியில் எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்கிக் கேட்டாலும் டாஸ்மாக்குக்கு வழி சொல்லிவிடுவார்கள். பகல் 12 மணியிலிருந்து ராத்திரி 10 மணி வரை விளக்கும் போர்டுமாக இருக்கிறது. நிறுத்தியவர்கள் உட்காரும் அறைக்கு மட்டும் போர்டே கிடையாது. பெயர் வெளியே வரக்கூடாது என்பதற்காகத்தான், புரிகிறது. ஆனால் தேடுகிறவள் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜனவரி 8, வியாழன்
மனநல உதவி எண் 14416க்குப் போட்டேன். தமிழிலேயே பேசினார்கள். வலிப்பு வந்ததா, இல்லாத ஆள் இருப்பதாகப் பேசினாரா, தூக்கம் எப்படி என்று பொறுமையாகக் கேட்டார் அந்தப் பெண். நிறுத்திய முதல் சில நாள்தான் அந்த ஆபத்து அதிகம், அதை ஆஸ்பத்திரியிலேயே தாண்டியாச்சு என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் காத்திருந்தார்.

ஜனவரி 9, வெள்ளி
அத்தை பொட்டலத்தோடு வந்தாள். குழம்பில் கலந்துவிட்டால் தெரியாதாம், குடியே மறந்துவிடுமாம். வாங்கிச் சாக்கடையில் கொட்டினேன். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிரம் மாத்திரை மாதிரி எதையாவது பொடித்து வைத்திருந்தால்? அது உள்ளே இருக்கும்போது ஒரு வாய் குடித்தாலும் பிரஷர் இறங்கி உயிருக்கே வினையாகும். ஆளுக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் தலையில் அடிக்காத குறையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அத்தை கோபித்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

ஜனவரி 11, ஞாயிறு
அடித்துக்கொண்டே இருந்த நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள்! “மிஸ்டு கால் பார்த்தேம்மா, ஊர்ல இல்ல. நான் ஒரு குடிநோயாளி. இன்னைக்குக் குடிக்கல.” குரல் அப்பா வயசு.

நான் எல்லாவற்றையும் கொட்டப் போக, அவர் நிறுத்தினார். “போனை அப்பாகிட்ட குடும்மா.” வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவர் இருட்டிய பிறகுதான் இறங்கினார். இவ்வளவு நேரம் அப்பா ஒருவர் பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் இருந்தவர் புத்தி சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கூட்டம். கட்டணம் இல்லை, பெயர் எழுத வேண்டாம், சாதி மதம் கேட்க மாட்டார்கள். நிறுத்த ஆசை இருந்தால் போதும்.

தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், வேலையாகப் போன இடத்தில், குடியை நிறுத்தியிருந்த பில் என்பவருக்குத் தொழில் கைகொடுக்கவில்லை. ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார், பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல் போன் போடுகிறார், தன்னைப் போல இன்னொரு ஆளிடம் பேச வேண்டும் என்று. அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். இரண்டு பேரில் ஆரம்பித்த இயக்கம்தான் ஏ.ஏ. நான் போட்ட போன்களும் அந்த வகையில் சேரும்தானே.

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். நாளைக்குத் திருவள்ளுவர் தினம், கடை லீவு, அதனால் இன்றைக்கே எல்லாரும் வாங்கி வைக்கிறார்கள். மாமா வண்டி டிக்கியைத் திறந்தபோது கண்ணாடிச் சத்தம் கேட்டது. அப்பா காதிலும் விழுந்தது. “சுகர் ஏறும், வேணாம்” என்று பொங்கலைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு மாடிக்குப் போனார், போனோடு.

ஜனவரி 16, வெள்ளி
வாசலுக்கு வரவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு
சர்ச் வளாகத்துக்குப் பின்னால், மாடியில். குடும்பத்தார் உட்காரலாம் என்கிற கூட்டம் இல்லை இது, அவர்களுக்கு மட்டும். கீழே சிமெண்ட் பெஞ்சில் காத்திருந்தேன். படி ஏறும்போது அப்பா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினார். உள்ளேயிருந்து யாரோ வந்து தோளில் கை போட்டுக் கூட்டிப் போனார்.

வண்டியில் வரும்போது, “எப்படிப்பா இருந்துச்சு?”

“அங்க பேசினத வெளிய சொல்லக் கூடாதும்மா.”

டீ நல்லா இருந்ததாம். அதை மட்டும் சொன்னார்.

ஜனவரி 20, செவ்வாய்
எரிச்சல். தட்டைத் தள்ளினார். அம்மா அழுதாள். நான் ஆபீஸ் போகவில்லை. போனில் பேசிய அந்த அண்ணனுக்கு அப்பாவே போன் போட்டார்.

ஜனவரி 21, புதன்
இன்னொரு இடத்தில் வாரநாள் கூட்டம் இருக்கிறதாம். தனியாகப் போகிறேன் என்கிறார். வண்டிச் சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்று அம்மாவும் நானும் அடுப்படியில் நின்று குசுகுசுத்தோம். கடைசியில் அந்த அண்ணனே வந்து கூட்டிப் போனார்.

ஜனவரி 22, வியாழன்
துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள்: “வீட்ல இருக்கிறவங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்குன்னியே, அது எங்க நடக்குது?”

அல்-அனான். இந்த ஊரில் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்த நம்பரில் மணி போகிறது