காணவில்லை நோட்டீசுக்கு ஒரு படம் போதாது

பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடைத் திருவிழா தொடங்கிவிட்டால், கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் கடற்கரை வரைக்கும் தலைகள்தான். இருமுடிக் கட்டோடு கேரளத்திலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டியோ குழந்தையோ கைவிட்டுப் போனால், திங்கள்சந்தையில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கும் ஆள் ஓடி வரும். பெரும்பாலும் கையில் ஒரே ஒரு பாஸ்போர்ட் படம் இருக்கும். நேராக வெறித்த கண், இறுகிய வாய், பின்னால் வெள்ளைத் துணி.

வேறு படம் கேட்பேன். "இதிலேயே தெளிவாகத் தெரிகிறதே, அக்கா" என்பார்கள். அவர்களுக்குத் தெரியும், பெற்றவர்களும் பிள்ளைகளும் ஆயிற்றே. தேடப் போகிற போலீஸ்காரரும் டீக்கடைக்காரரும் அந்த முகத்தை ஒருநாளும் பார்த்தவர்கள் இல்லை.

இதைப் பற்றி ராப் ஜென்கின்ஸ் குழுவினர் பிரிட்டனில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் பிரபலமான இரண்டு பெண்களின் படங்கள், ஆளுக்கு 20. நாற்பதையும் கலைத்துக் கொடுத்து, ஓர் ஆளுக்கு ஒரு குவியலாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்களை அறியாத பிரிட்டன்காரர்கள் ஏழு, எட்டு, ஒன்பது குவியல் என்று வைத்தார்கள். நெதர்லாந்துக்காரர்களோ அநேகமாக எல்லோரும் சரியாக இரண்டே வைத்தார்கள். கண் ஒன்றுதான், படம் ஒன்றுதான், பழக்கம்தான் வேறு. வெளிச்சம் மாறினால், தலைமுடி மாறினால், சிரித்தால்கூடப் புதியவர் கண்ணுக்கு அது இன்னொரு ஆள்.

முகம் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்களும் இதில் தப்பவில்லை. ரிச்சர்ட் கெம்ப் குழுவினர் 1997இல் வெளியிட்ட சோதனையில், வேறொருவர் படம் ஒட்டிய கடன் அட்டைகளைக் கொடுத்தபோது, சூப்பர் மார்க்கெட் காசாளர்கள் பாதிக்கு மேல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆள் எதிரிலேயே நிற்கிறார், படம் கையில் இருக்கிறது. அப்படியும் இந்த நிலை!

கூட்டத்தில் தேடுவது இதைவிடக் கடினம். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், ஏறக்குறைய அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நம் பார்வை கூர்மையானது. அதனால் கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் போக வேண்டியிருக்கிறது. நிறம் மட்டும் அப்படியல்ல. சுற்றிலும் வேறு நிறங்கள் இருக்க, ஒரே ஒரு பச்சைச் சட்டை தானாகக் கண்ணில் விழும். கோடில்லாத பச்சைச் சட்டைகளும் வேறு நிறக் கோட்டுச் சட்டைகளும் பல இருந்து, அவற்றில் கோடு போட்ட பச்சைச் சட்டையைத் தேட வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாக வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ஆன் ட்ரீஸ்மனும் கேரி கெலேடும் 1980இலேயே விளக்கிய சங்கதி இது. திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கிளம்பும் முன் அன்றைய உடையோடு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அவ்வப்போது எடுத்து வையுங்கள்: கண்ணாடி போட்டும் போடாமலும், பக்கவாட்டில், பல் தெரியச் சிரிக்கையில், முற்றத்தில் நடக்கையில். நான் அடிக்கும் நோட்டீசில் குறைந்தது மூன்று முகங்களாவது போடுகிறேன். நடையில் சாய்வு இருந்தால் அதையும் எழுதுகிறேன். கூடுதல் படத்துக்குக் கூடுதல் காசு வாங்குவதில்லை.