இரைப்பைப் பலூன் தரும் அவகாசம்

பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி பிரிவில் தாதியாகப் பணியாற்றும் என்னிடம், எடையைக் குறைப்பதற்காக வயிற்றுக்குள் வைக்கும் இரைப்பைப் பலூனைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ குறையும், மிஸ்ஸி?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தவறில்லை. 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். பலூன் இருக்கும் ஆறு மாதத்தில் பலருக்கு உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை குறைகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வருவதற்கு அதுவே பெரிய உதவி.

வெட்டோ தையலோ கிடையாது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக இறக்கிய சிலிக்கோன் பையில் 400 முதல் 700 மில்லிலிட்டர் வரை உப்புநீரை நிரப்புகிறோம். அந்த நீரில் நீலச் சாயம் கலப்பதற்குக் காரணம் உண்டு: பலூன் கசிந்தால் சிறுநீரின் நிறம் மாறி எச்சரிக்கும், கவனிக்காமல் விட்டால், சுருங்கிய பலூன் குடலில் இறங்கி அடைத்து, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடலாம்.

விளம்பரங்கள் அதிகம் பேசாதது முதல் சில நாட்களைத்தான். பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஓர் அக்கா, மறுநாள் மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, தேக்கரண்டியில் எடுத்த தண்ணீர்கூட உள்ளே நிற்காமல், "எடுத்துடுங்க மிஸ்ஸி, என்னால முடியல" என்று அழுதார். நரம்பு வழியாக ஏற்றிய திரவமும் குமட்டலுக்கான ஊசியும் கொடுத்த பிறகு மெல்லக் கஞ்சித் தண்ணீர் இறங்கியது. தாங்க முடியாமல் முன்கூட்டியே எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதே அக்காவுக்கு, பிறகு ஓர் இட்லியே அதிகமாகிவிட்ட நிலையிலும், எடை இறங்காமல் நின்றது. உணவியல் நிபுணர் துருவித் துருவிக் கேட்டபோது, காலை, மதியம், மாலை என்று இனிப்பான கெட்டிப்பால் ஊற்றி இழுத்து ஆற்றிய தேநீரான தே தாரிக் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. கெட்டியான உணவைத் தடுக்கும் பலூன், திரவத்தைத் தடுப்பதில்லை. அது பக்கவாட்டில் வழிந்து இறங்கிவிடும். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறிய பிறகே எடை மீண்டும் குறையத் தொடங்கியது.

இரைப்பையில் முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. பலூன் உள்ளே இருக்கும்வரை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தவே கூடாது. நீர் நிரப்பிய பலூன் பொருத்தியவர்களிடையே நேர்ந்த மரணங்களைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் மருத்துவர்களை எச்சரித்தது. அவற்றுக்குப் பலூன்தான் காரணம் என்று அது உறுதிப்படுத்தவில்லை என்றாலும், கையெழுத்துப் போடுமுன் நோயாளி இதை அறிந்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வேறோர் அறுவை சிகிச்சைக்கு முன் ஆபத்தைக் குறைக்க எடையைக் குறைத்தே ஆக வேண்டியவர்களுக்கு இதை மனமார ஆதரிப்பேன். மகள் திருமணத்துக்குள் மெலிய வேண்டும் என்பவர்களிடம், அவசரப்பட வேண்டாம் என்பேன். பலூனை எடுத்ததும் பசி திரும்பும், பழைய சாப்பாட்டு முறை மாறாதிருந்தால் எடையும் திரும்பும். ஆகவே, பொருத்தும் நாளைக் குறிக்கும்போதே, எடுத்த பிறகு உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டிய நாட்களையும் குறித்துக் கொடுத்து, அந்தச் செலவையும் சேர்த்தே குடும்பத்தாரிடம் சொல்லும்படி எங்கள் பிரிவில் கேட்டு வருகிறேன்.