சமய பாட மணி

எங்கள் மட்டக்களப்புப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் இந்த வருட மலருக்குச் சமய நல்லிணக்கம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டதும், ஏன் என்னைப் பிடித்தார் என்று விளங்கிவிட்டது. கடந்த பெப்ரவரியில் லண்டனில் எங்கள் பகுதி மண்டபமொன்றில் நடந்த கூட்டத்தில் நான் ஒலிவாங்கி பிடித்து நின்ற படம் வட்ஸ்அப் குழுவில் சுற்றியதுதான் காரணம். ஜோர்தான் மன்னர் முன்வைத்த யோசனையை ஏற்று, பெப்ரவரி முதல் வாரத்தை உலக சமய நல்லிணக்க வாரமாக ஐ.நா. பொதுச்சபை 2010இல் அறிவித்தது. அந்த வாரத்துக் கூட்டம் அது. பாதிரியார், இமாம், பிக்கு, ஒரு சீக்கியப் பெரியவர் என்று எல்லாரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். எல்லாரும் அன்பைப் பற்றியே பேசினார்கள். பிறகு சமோசா. சைவர் ஒருவர் குறைகிறார் என்று என்னையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு வாயில் வந்தது அன்பு அல்ல, எட்டாம் வகுப்பு நேரசூசிதான்.

உங்களுக்கும் நினைவிருக்கும். செவ்வாயும் வியாழனும் மூன்றாம் பாடம் சமயம். இலங்கையில் சமயம் சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) வரை கட்டாயப் பாடம், அவரவர்க்கு அவரவர் சமயம். மணி அடித்ததும் வகுப்பு நாலாகப் பிரியும். சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். கத்தோலிக்கர் மேல்மாடிக்கு, மெதடிஸ்தப் பிள்ளைகள் நூலக மூலைக்கு, இஸ்லாம் பாடக்காரர் வேப்பமரத்தடிக்கு. நாற்பது நிமிடம் கழித்து அடுத்த மணி. எல்லாரும் திரும்பி வந்து அதே வாங்கில் அதே இடத்தில் குந்தி, கணக்குக் கொப்பியைத் திறப்போம். போனவன் அங்கே என்ன படித்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. கணக்கு சேர் வருமுன் வீட்டுக்கணக்கைப் பார்த்து எழுதவே நேரம் போதாது.

என் வாங்குத் தோழன், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பொடியன். வழியில் இருந்த கல்லடிப் பாலத்தில் அப்போது ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனந்தான் போகலாம். எதிர்ப்பக்கம் பஸ் வந்தால் அவன் பிந்துவான். பிந்தி வந்தாலும் சாப்பாட்டுப் பெட்டி நிரம்பியிருக்கும். மரத்தடிக்கு வரும் மௌலவி சைக்கிளில் வருவார். மழை பெய்தால் வரமாட்டார். கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பில் மழை பெய்யாத நாள் ஏது? அந்த நாட்களில் இஸ்லாம் பாடக்காரர் ஆறுபேரும் எங்கள் சைவ வகுப்பின் கடைசி வாங்கில் வந்து இருப்பார்கள்.

ஒருநாள் ரீச்சர் கண்ணப்ப நாயனார் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இரண்டாவது கண்ணைத் தோண்ட முதல் ஏன் காலைத் தூக்கிச் சாமியின் கண்ணிலே வைத்தார்?" என்று கேட்டார். எங்களில் ஒருவனுக்கும் வாய் திறக்கவில்லை. நான் பக்திமிகுதி என்றேன். பின்வாங்கிலிருந்து இவன் எழும்பினான். "கண்ணத் தோண்டினாப் பொறகு இடம் தெரியாதே ரீச்சர், அடையாளத்துக்கு வெச்சிருப்பார்." ரீச்சர் என் காதைத்தான் முறுக்கினார். அவனுக்கு அன்றைக்கு அவர் கொடுத்த தோடம்பழ இனிப்பில் எனக்குப் பாதி கிடைத்தது. எனக்கு இன்றும் கண்ணப்பர் என்றால் முதலில் காத்தான்குடிதான் ஞாபகம் வரும்.

வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இது அதிசயமாகத் தெரியலாம். எங்களுக்கு அதிசயமாக இல்லாததற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்புக் கரையோரம் முழுக்க ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறிமாறித்தான் கிடக்கிறது. இரண்டு பக்கத்திலும் குடி முறை இருந்தது, அதுவும் தாய்வழி. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. நிருவாகம் பார்க்கக் கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர் இருந்தால், பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருந்தார். வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவார். என் அப்பாவும் அப்படித்தான் வந்தார், அவன் வாப்பாவும் அப்படித்தான் வந்தார். இரண்டு பேருக்கும் தத்தம் மாமியாரைக் கண்டால் குரல் இறங்கிவிடும். முற்காலத்தில் முக்குவர் என்ற சாதியார் திமிலர் என்ற இன்னொரு சாதியாரோடு பொருதியபோது முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றார்கள், அதனால் பெண் கொடுத்துக் குடியேற்றினார்கள் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, அதை இரண்டு பக்கத்துக் கிழவிகளும் ஒரேமாதிரிச் சொல்லுவார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் போட்டுடைத்தவர் எங்கள் தமிழ் சேர். பாடப்புத்தகத்தைத் திறக்கிற பழக்கம் அவருக்குக் குறைவு. 1893இல் சிக்காகோவில் உலகத்துச் சமயங்களின் மகாநாடு கூடியதையும், அங்கே விவேகானந்தர் பேசியதையும், இலங்கையிலிருந்து பௌத்தரான அநகாரிக தர்மபாலர் போனதையும் சொல்லிவிட்டு, "அந்த நேரம் காரைதீவில ஒரு குழந்தைக்கு ஒன்றரை வயசு" என்று நிறுத்துவார். அந்தக் குழந்தை மயில்வாகனம், பின்னாளில் தமிழறிஞரான துறவி சுவாமி விபுலாநந்தர். அவர் படித்தது கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையில், பிறகு மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியில். படிப்பித்த இடங்களில் ஒன்று யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரி. இவ்வளவுக்கும் பிறகுதான் காவி உடுத்தார். "பாதிரிமார் படிப்பிச்சும் அவர் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறயில்லை, சாமியாராகியும் பாதிரிமாரை ஏசயில்லை" என்பார் சேர்.

மறுபக்கத்துக் கதையையும் அவரே சொன்னார். வண்ணார்பண்ணையில் பிறந்த முஸ்லிம் பிள்ளை ஏ.எம்.ஏ. அஸீஸ், குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர், இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர்தான். 1942இல், யுத்தகாலத்தில், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தபோது பக்கத்து ஊர்க்காரரான சுவாமியோடு நெருங்கிப் பழகினார். பிறகு கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபரானார். எங்களுக்கு அன்றைக்கு இதெல்லாம் நித்திரை வரவழைத்த சங்கதி. லண்டன் மேடையில் எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

பெருநாள் சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் பலர் கோபிப்பீர்கள். அவன் வீட்டில் பாயில் இருத்தி நடுவில் ஒரு சஹனை வைப்பார்கள். ஒரே தட்டைச் சுற்றி ஆறுபேர். என் அம்மம்மாவுக்கு எச்சில், தீட்டு எல்லாம் கடும் கணக்கு. சஹனில் சாப்பிட்டுவிட்டு வந்ததைச் சொன்னபோது, "கை கழுவினயா மனே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த பொங்கலுக்கு அவனுக்குப் புக்கை கட்டிக் கொடுத்துவிட்டவரும் அவர்தான். ஆனால் அவன் குடித்த தம்ளரை ஒருநாளும் அடுக்களைக்குள் எடுத்ததில்லை. முற்றத்துக் குந்தில்தான் அது இருந்தது. நல்லிணக்கம் பேசுகிற மேடைகளில் இந்தத் தம்ளரை ஒருவரும் கொண்டுவருவதில்லை. அவன் அதைக் கவனித்தானா என்று நானும் கேட்டதில்லை.

1990 யூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியது. பள்ளிக்கூடம் பூட்டு. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள்மேல் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள், சிறுவரும் அதில். சுட்டவை எங்கள் தமிழர் பக்கத்துத் துப்பாக்கிகள். ஒரு வாரத்துக்குப் பிறகு ஏறாவூர் முஸ்லிம்களுக்கும் அதே கதி. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் இராணுவம் கொன்ற தமிழரின் தொகை 184. நடுவில் ஓகஸ்ட் 15இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட ஃபாதர் யூஜின் ஹேபரும் கூட வந்த இளைஞரும் வந்து சேரவில்லை. லூசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசுசபைத் துறவி அவர். எந்தப் பள்ளிக்கூடத்துப் பொடியன், எந்தச் சமயம் என்று பாராமல் எல்லாரையும் கூடைப்பந்துக்கு இழுத்தவர். அவர் விசிலுக்கு ஓடாத கால் எங்கள் வயதுக்காரரில் குறைவு. இன்றுவரை ஒரு தடயமும் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்தபோது என் வாங்கில் பாதி வெறுமை. சமய பாட மணி அடித்தது. மேல்மாடிக்குப் போகிறவர்கள் போனார்கள். வேப்பமரத்தடிக்குப் போக ஆளில்லை. அடுத்த தவணை நேரசூசியில் இஸ்லாம் என்ற சொல்லே இருக்கவில்லை. யாரும் அழிக்கவில்லை, எழுதாமல் விட்டார்கள்.

இங்கே என் பங்கையும் சொல்லவேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சில மைல் தூரத்தில் அவன் இருந்தான். நான் ஒரு கடிதம் போடவில்லை. போட்டிருந்தால் போய்ச் சேர்ந்திராது என்பது பிறகு கண்டுபிடித்த சாட்டு. ஊர் பேசிய கதைகள் என் காதிலும் ஏறியிருந்தன. அவனைப் போன்றவர்கள் காட்டிக்கொடுத்தார்கள் என்று நானும் இரண்டொரு இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு, 2005 சனவரியில், நிவாரணச் சாமான்களோடு போனபோதுதான் மறுபடி கண்டேன். நாவலடியும் கல்லடியும் காத்தான்குடிக் கரையும் ஒரே அலையில் போயிருந்தன. பள்ளிவாசல் வாசலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்றுப் பார்சல் எண்ணிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்றவர்களில் பொட்டு வைத்த பெண்களும் இருந்தார்கள். என்னை ஏறிட்டுப் பார்த்தான். கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "சமயப் பாடத்துக்குப் போனவன் இன்னும் வகுப்புக்கு வரல்லயே எண்டு ஒருத்தரும் தேடல்லயே மச்சான்." பிறகு ஒரு பார்சலை என் கையில் திணித்துவிட்டு அடுத்ததை எண்ணப் போனான்.

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகள் பலர் செத்துப் போனார்கள். அன்று பின்னேரம் என் வாங்குத் தோழன் தொலைபேசி எடுத்தான். நெடுநேரம் பேச்சே இல்லை. நாசகாரக் கும்பலின் தலைவன் அவன் ஊரான். அந்த ஆளுக்கெதிராகக் காத்தான்குடி மக்களே 2017இல் வீதியில் இறங்கியிருந்தார்கள். அதையும் அவன் சொல்லவில்லை. "நாளைக்கு நாங்க ஆஸ்பத்திரிக்கு இரத்தம் குடுக்கப் போறம், எடுப்பாங்களா தெரியா" என்றான். எடுத்தார்களா என்று அடுத்த வாரம் கேட்டேன். இந்த முறை கேட்டேன். எடுத்தார்களாம்.

இங்கே பிரித்தானியாவில் பல சமயத்தாரையும் இணைக்கவென்று 1987இல் தொடங்கிய இன்டர் ஃபெய்த் நெட்வேர்க், அரச பணம் நின்றதால் 2024இல் மூடப்பட்டது. கவலைதான். ஆனாலும் பணம் நின்றால் நிற்கிற சங்கதியை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சரிப்படாது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வாடகை பாராமல் மண்டபம் தருவது ஒரு தேவாலயம். பூட்டின் சாவி எங்கள் கையில் இருக்கிறது. எனக்கு அந்தச் சாவி பெரிது.

கடைசியாக எங்கள் சங்கத்துச் சண்டை. கடந்த மார்ச்சில் வருடாந்த இராப்போசனத்துக்குக் குறித்த சனிக்கிழமை நோன்புக்குள் விழுந்தது. "முஸ்லிம் குடும்பம் ரெண்டே ரெண்டு, அதுக்காக மண்டபத்தை மாத்திறதே?" என்று ஒரு அண்ணன் கேட்டார். மண்டபத்தை மாற்றவில்லை. ஐந்துக்குத் தொடங்கும் சாப்பாட்டை ஆறரைக்குத் தள்ளினோம், பேச்சுகளை முன்னுக்கு எடுத்தோம் (சாப்பாட்டுக்கு முதல் பேச்சு என்றால் பேச்சு சுருங்கும் என்ற இரகசிய இலாபமும் இருந்தது), போத்தல் மேசையை அடுத்த அறைக்கு நகர்த்தினோம். இந்த நகர்த்தலுக்குத்தான் எதிர்ப்புக் கூட.

ஆறு மணி கடந்ததும் பேரீச்சம்பழத் தட்டு சுற்றியது. எல்லாரும் எடுத்தார்கள், சண்டை போட்ட அண்ணன் இரண்டு எடுத்தார். அந்த இரண்டு குடும்பத்து ஆண்களும் தொழுதுவிட்டு வருகிறோம் என்று உடுப்பு வைக்கிற அறைப்பக்கம் போனார்கள். படமெடுக்கிற பொடியனுக்கு இன்னொரு நிகழ்ச்சிக்கு ஓடவேண்டும். "குழுப்படத்த இப்பவே எடுப்பம் அங்கிள்" என்று கமராவைத் தூக்கினான். வரிசையில் நின்ற அந்த அண்ணன்தான் கையை உயர்த்தினார்.

"பொறு தம்பி, ரெண்டுபேர் வரவேணும்."