பந்தல் இல்லாத திராட்சைத் தோட்டம்

எங்கள் வீட்டில் திராட்சை என்றால் கடன், மருந்தடிப்பு, பறிப்பு நேரத்தில் மழை வந்துவிடுமோ என்கிற பயம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கூடப் படிப்பவர்கள் "சனிக்கிழமை திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகலாம்" என்று துள்ளியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காசு கொடுத்துத் தோட்டம் பார்ப்பதா? சாயங்காலம் கடற்கரையும் உண்டு என்றார்கள். சரி என்று கிளம்பிவிட்டேன்.

போன இடம் மெக்லாரன் வேல். நகரத்திலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். சீஃபோர்டு வரை ரயிலில் போய் அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். ஆனால் தோட்டம் தோட்டமாகச் சுற்ற வேண்டுமென்றால் கார் இல்லாமல் முடியாது. நாங்கள் நான்கு பேர். காரோட்டியது லூதியானாக்காரன். அவனிடம் இருப்பது 'பி' பலகை மாட்டும் புது உரிமம். அந்த உரிமக்காரர்கள் வண்டி ஓட்டும்போது ரத்தத்தில் ஒரு பொட்டு மது இருக்கக்கூடாது. முழு உரிமக்காரர்களை 0.05 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவைக்கிறார்கள். பாவம், ஒயின் ஊருக்குப் போய் நாள் முழுக்கத் திராட்சைச் சாறு குடித்தான்.

போகிற வழியில் அவன் சொன்ன ஒன்று இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. நாங்கள் போன தெற்கு விரைவுச்சாலை 2014 வரை ஒருவழிப்பாதையாம். வேலை நாட்களில் காலையில் எல்லோரும் நகரத்தை நோக்கி, மதியத்துக்கு மேல் அதே சாலையில் எல்லோரும் தெற்கு நோக்கி. நம் ஊரில் இப்படிச் செய்திருந்தால் முதல் நாளே என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் மாதம் இங்கே அறுவடைக் காலம். காரிலிருந்து இறங்கியதும் எனக்குக் கண்ணில் பட்டது, இருந்த எதுவும் அல்ல, இல்லாத ஒன்று. பந்தல் இல்லை. எங்கள் ஊரில் தலைக்கு மேலே பந்தல் படர்ந்திருக்கும், குனிந்து நடந்தால் முகத்தில் கொத்து இடிக்கும். இங்கே இடுப்புயரக் கம்பிகளில் வரிசை வரிசையாகக் கொடியைக் கட்டியிருக்கிறார்கள். ஓர் ஓரத்தில் கிரெனாஷ் வகைப் பழங்கொடிகள் கம்பிகூட இல்லாமல் குட்டை மரம்போலத் தனித்தனியாக நின்றன, ஒவ்வொன்றும் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி. இந்த ஊரில் நூறு வயதைத் தாண்டிய கொடிகள் இன்னும் காய்க்கின்றன என்றார் தோட்டத்தைச் சுற்றிக்காட்டிய பெண்மணி.

அப்பாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அங்கே காலை ஆறு மணி, தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, பந்தலே காணோம்? கொடி எப்படி நிக்குது?"

"அப்படியே நிக்குதுப்பா. பறிக்கிறதுகூட பெரும்பாலும் மெஷின்தானாம். ராத்திரியில ஓட்டுவாங்களாம், பழம் சூடாகாம இருக்கணும்னு."

"ராத்திரியிலயா!"

கொத்தைக் கிட்டத்தில் காட்டலாம் என்று வரிசைக்குள் இரண்டடி வைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல். கோபமான குரல் இல்லை, ஆனால் அவசரமான குரல். வெளியே வந்துவிடச் சொன்னார்கள். வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. ஃபிலாக்செரா என்று ஒரு பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது, கொடியின் வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது இதுதான். அதற்குப் பிறகு உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் ஒயின் திராட்சை வளர்க்கிறார்கள். பக்கத்து மாநிலமான விக்டோரியாவுக்கும் அது வந்துவிட்டது. நாங்கள் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு இன்னும் வரவில்லை. அந்தக் கிழட்டுக் கொடிகள் சொந்த வேரிலேயே நிற்பதற்கு அதுதான் காரணம். பூச்சி வருவது செருப்பில் ஒட்டிய மண்ணில், வண்டிச் சக்கரத்தில். நான் எங்கெங்கே நடந்துவிட்டு வந்தேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வெட்கமாகிவிட்டது. விவசாயி மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அப்பா மட்டும் போனுக்குள்ளிருந்து, "அங்கேயும் வேருக்குத்தான் வினையா? நமக்கு நூற்புழு, அவங்களுக்கு அது" என்று சமாதானமானார்.

நொதிக்கும் கொட்டகைக்குள் நுழைந்ததும் அடித்த வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. புளித்துப் பொங்கிய தோசை மாவு, கூடவே பழுத்து உதிர்ந்த பழம். பெரிய தொட்டிகளில் தோலெல்லாம் மேலே மிதந்து தடித்த ஆடைபோலக் கட்டியிருந்தது. அதை அவ்வப்போது உள்ளே அமுக்கிவிட வேண்டும். கறுப்புத் திராட்சையாக இருந்தாலும் பிழிந்த சாறு வெளுப்பாகத்தான் இருக்கும்; நிறம் முழுக்கத் தோலில்தான். சாறு தோலோடு கிடந்து ஊறினால்தான் சிவப்பு ஒயின். ஷிராஸ் என்கிற ஒயின் திராட்சை ஒன்றைத் தின்னக் கொடுத்தார்கள். சின்னது, தோல் தடிப்பு, உள்ளே கொட்டை, ஆனால் அப்படி ஒரு தித்திப்பு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் பன்னீர் திராட்சையின் மணம் அதில் இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

அப்புறம் சுவைத்துப் பார்க்கும் கூடம். குடித்துவிட வேண்டும் என்பதில்லை, துப்புவதற்கு ஒரு பாத்திரமே வைத்திருக்கிறார்கள். (அம்மா இதைப் படித்தால்: எல்லாவற்றையும் துப்பிவிட்டேன்.) ஷிராஸ் ஒயினை வாயில் வைத்ததும் நாக்கு இழுத்துப் பிடித்தது. ஊற்றிக் கொடுத்தவர், "இது டானின். எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்" என்றார். ஹனோயிலிருந்து வந்த தோழி 'வறட்சி' என்றாள். இன்னொருத்தி 'சுண்ணாம்புத்தூள்' என்றாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. துவர்ப்பு! வாழைப்பூ, பாக்கு, கடுக்காய். ஆறு சுவையில் ஒன்றாக இதற்கு எங்கள் மொழியில் தனிப்பெயரே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஊற்றிக் கொடுத்தவர் 'துவர்ப்பூ, துவர்ப்பூ' என்று நாலு முறை சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு நான் கொஞ்சம் தலைகனத்தோடுதான் திரிந்தேன்.

துவர்ப்பைக் குறைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பை இவற்றில் ஏதாவது சேர்ப்பதும் உண்டு, பிறகு அது படிந்து வடிகட்டப்பட்டுவிடும் என்றார் அவர். சைவக்காரியான அகமதாபாத் தோழி கையிலிருந்த கோப்பையை அப்படியே மேசையில் வைத்தாள். எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. கடுந்தேநீரின் துவர்ப்பைப் பால் அடக்குவதும் இதே கதைதான்.

நாலு மணிக்குப் போர்ட் வில்லங்கா. பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம்தான். மஞ்சள் சுண்ணாம்புப் பாறைச் சரிவில் படி இறங்கினால் கடல். பாறையைக் குடைந்து, மீனவர்கள் படகு வைத்துக்கொண்ட குகைகள் இப்போது நிழலுக்கு ஒதுங்க உதவுகின்றன. தண்ணீருக்குள் பழைய துறைப்பாலத்தின் மரத்தூண்கள் மட்டும் நிற்கின்றன. ஒரு காலத்தில் பக்கத்து ஊரின் கூரைப் பலகைக்கல்லும் கோதுமையும் இங்கிருந்து கப்பலேறின. 1888 ஜூலையில் 'ஸ்டார் ஆஃப் கிரீஸ்' என்ற பாய்மரக் கப்பல் கோதுமையோடு புறப்பட்ட மறுநாளே புயலில் சிக்கி, கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே உடைந்தது. இருந்தவர்களில் பாதிக்கு மேல் செத்துப்போனார்கள். அன்று நாங்கள் பார்த்த கடல் குளம்போலக் கிடந்தது, நம்ப முடியவில்லை.

தண்ணீர் சில்லென்று முழங்காலைக் கடித்தது. அதற்கு மேல் நான் போகவில்லை. ஏழரைக்குச் சூரியன் கடலுக்குள் இறங்கியபோது அப்பாவிடமிருந்து மறுபடி அழைப்பு. காலையிலிருந்து அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வேறு.

"வருஷத்துக்கு எத்தனை போகம்னு கேட்டியா?"

"ஒண்ணுதான்ப்பா. குளிர்ல இலையெல்லாம் கொட்டிடும். அப்ப கவாத்து பண்ணுவாங்க. அதுக்கு முன்னால பின்னால சும்மா தூங்குமாம்."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

"கொடுத்து வச்ச கொடிம்மா" என்றார்.