போகிக்கு முன்னால் காயலான் கடைக்கு: நன்கொடை திரட்டச் சில வழிகள்

அடுக்ககச் சங்கத்தில் யாராவது "ஒரு முதியோர் இல்லத்துக்குப் பணம் திரட்டலாமே" என்று ஆரம்பித்தால், பேச்சு உடனே இன்னிசைக் கச்சேரிக்குப் போய்விடும். மண்டப வாடகை, மைக் செட், நாற்காலி, பாட வருகிறவர்களுக்கு டிபன் என்று செலவு முதலில் ஓடும். டிக்கெட் காசு மெல்ல வரும். கடைசியில் கையில் நிற்பது, பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டிருந்தாலே வந்திருக்கும் தொகை. எந்த யோசனையானாலும், கையைவிட்டு எவ்வளவு போகும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் பழைய பொருள் சேகரிப்புக்குப் பக்கத்தில்கூட வேறெதுவும் வராது. அதற்குச் சென்னையில் நாள் குறித்தே வைத்திருக்கிறது: போகி. மார்கழியின் கடைசி நாளுக்கு முந்தைய இரண்டு வாரம் வீட்டுக்கு வீடு பரண் இறங்குகிறது. எரித்த புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தடுமாறிய ஆண்டுகள் உண்டு. எரிக்காதீர்கள் என்று மாநகராட்சியும் ஆண்டுதோறும் சொல்கிறது. அந்தப் பொருள்களைத்தான் கேட்கப் போகிறோம். யாரும் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

கணக்கு எளிது. நூறு வீடு, வீட்டுக்கு 10 கிலோ செய்தித்தாள் என்றால் ஒரு டன். கிலோ 12 ரூபாய்க்குப் போனாலும் 12,000 ரூபாய். அட்டைப்பெட்டி, இரும்பு, அலுமினியம், பித்தளை எல்லாம் அதற்கு மேல். விலை வாரத்துக்கு வாரம் மாறும்; மூன்று காயலான் கடைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கிலோ விலை கேட்டு எழுதி வாங்குங்கள். "எல்லாம் கலந்து இவ்வளவு தரேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கு இரும்பு விலைக்குப் போவது அப்படித்தான்.

பிரிக்க ஒரு காந்தம் போதும். இரும்பில் ஒட்டும், பித்தளை, செம்பு, அலுமினியத்தில் ஒட்டாது. பித்தளை போல் மினுங்கும் முலாம் பூசிய இரும்பையும் அது காட்டிக்கொடுக்கும். செய்தித்தாளை 10 கிலோ கட்டுகளாகச் சணல் கயிற்றால் கட்டி, மேலே எடையை எழுதுங்கள். கட்டின் எண்ணிக்கையே உங்கள் கணக்கு. கடைக்காரரின் தராசைச் சோதிக்க மூடி திறக்காத 20 லிட்டர் தண்ணீர் கேனை முதலில் ஏற்றுங்கள். கேனின் எடையும் சேர்ந்து 20 கிலோவுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் தராசில் ஏதோ இருக்கிறது. குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டி ஏறக்குறைய 750 கிலோதான் தாங்கும். ஒரு டன்னுக்கு இரண்டு நடை என்று முன்பே பேசிவிடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். மார்கழிப் பனியில் இரவு முழுக்கத் திறந்த வெளியில் கிடந்த பேப்பர் கனத்துப் போகும். கடைக்காரர் அதற்குக் கழிப்பார், அவர் கழிப்பதோ எப்போதும் ஈரத்தைவிட அதிகம். தரையில் மரப்பலகை, மேலே தார்ப்பாய். வாங்கி வைத்து ஒரு வாரத்துக்குள் விற்றுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி, பழைய டிவி, வயர் மூட்டை இவற்றைக் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள். செம்புக்காக வயரை எரிப்பார்கள். போகிப் புகையைத் தடுக்கப் போய் அதைவிட மோசமான புகையை உண்டாக்குவோம். பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனங்கள் அளவு சேர்ந்தால் வந்து எடுத்துக்கொள்ளும். பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் பழைய பேப்பர் காசு வேலை செய்யும் அம்மாவுக்கோ வாட்ச்மேனுக்கோ போகிறது. அட்டையும் பாட்டிலும் தூய்மைப் பணியாளருக்குக் கைச்செலவு. அவர்கள் பங்கை எடுத்து அறம் செய்வது அறமில்லை. அறிவிப்பிலேயே "வழக்கமாக யாருக்காவது கொடுப்பதைத் தர வேண்டாம், பரணில் இருப்பதை மட்டும் தாருங்கள்" என்று எழுதுங்கள். வங்கி அறிக்கை, ஆதார் நகல், ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் கிழித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். புடவை மடிப்பிலும் சட்டைப் பையிலும் காசோ தோடோ இருக்கிறதா என்று இரண்டு பேர் சேர்ந்தே பாருங்கள்.

புத்தகங்களை மட்டும் கிலோவுக்குப் போடாதீர்கள். தனியே எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் மேசை போட்டு ஒன்று 50 ரூபாய் என்று வையுங்கள். ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்களுக்கு அலமாரியில் இடம் வேண்டும்; தரவும் ஆள் இருக்கும், வாங்கவும் ஆள் இருக்கும்.

அதே மார்கழியில் கோலப் போட்டி. நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், ஆளுக்கு நாலடிக்கு நாலடி கட்டம், ஒரு கிலோ கோலமாவு, ஒன்றரை மணி நேரம். புள்ளி, சிக்கு, ரங்கோலி மூன்றையும் ஒன்றாக மதிப்பிட்டால் சண்டை நிச்சயம். தனித்தனிப் பரிசு வையுங்கள். பரிசைத் தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இடம் வளாகத்துக்குள் இருக்கட்டும், தெருவை மறித்தால் அனுமதி வேண்டும். போட்டியில் பெரிய தொகை வராது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் விற்கும் காபிதான் பணம்.

நூறு காபிக்கு: ஆவின் பச்சைப் பாக்கெட் பால் 9 லிட்டர், 20 சதவீதம் சிக்கரி கலந்த தூள் 600 கிராம், சர்க்கரை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தூள் தன் எடையைப் போல் இரண்டு பங்கு நீரைக் குடித்துவிடும். அதனால் மூன்றரை லிட்டர் கொதிநீர் விட்டால்தான் இரண்டு லிட்டருக்கு மேல் டிகாக்‌ஷன் இறங்கும். கப்புக்கு 20 மில்லி டிகாக்‌ஷன், 90 மில்லி பால். அதிகாலை நான்கு மணிக்கே இறக்க ஆரம்பியுங்கள். தூள் மிக நைசாக இருந்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். இறங்கியதை அடுப்பில் சூடேற்றினால் கசக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். விலைப் பலகை வேண்டாம். உண்டியலும் க்யூஆர் அட்டையும் போதும். 20 ரூபாய்க்குச் சில்லறை தேடுகிறவர் நல்ல காரியம் என்றால் 50 போட்டுவிட்டுப் போவார்.

நவராத்திரிச் சுண்டலும் இதே போல்தான். தேங்காயை முன்பே கலந்தால் சென்னைப் புழுக்கத்தில் சில மணி நேரத்தில் ஊசிவிடும். பரிமாறும்போது தூவுங்கள்.

லக்கி டிப் மட்டும் வேண்டாம். காசுக்குச் சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு தருவது லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. அதற்குப் பதில் ஏலம் விடுங்கள். தேவாலய அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தவர்களுக்கு ஏலத்தின் ருசி தெரியும். ஏலம் எடுத்தவரே பொருளைத் திருப்பித் தந்து மறுபடி விடச் சொன்னால், ஒரே பூசணி மூன்று முறை பணம் கொண்டுவரும்.

பணம் வாங்கும் க்யூஆர், முடிந்தால் உதவி பெறும் நிறுவனத்தினுடையதாகவே இருக்கட்டும். சங்கம் மொத்தமாகத் திரட்டிக் கொடுத்தால் ரசீது சங்கத்தின் பெயரில்தான் வரும். பணம் போட்ட தனி ஆளுக்கு நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது, பொருளாகத் தந்தாலும் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் மகன் இந்தியக் குடிமகனாகவே இருந்தால் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். ஓசிஐ அட்டைக்காரர், அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே, அதற்கென்று டெல்லி ஸ்டேட் பேங்கில் வைத்திருக்கும் கணக்கில்தான் பெற முடியும்.

உண்டியலை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட்டு, காயலான் கடைத் துண்டுச்சீட்டோடு அன்றே குழுவில் படம் போடுங்கள். விற்காத புத்தகங்களை யார் எடுத்துப் போவார் என்பதையும் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பொங்கல் கழிந்து மாசி பிறந்த பின்னும் அவை படிக்கட்டுக்கு அடியிலேயே கிடக்கும்.